மூணு ஆன், ஒரு ஆஃப்

செல்போன் டவர் வரக் கூடாது என்று என் வாழ்க்கையில் ஒரே ஒரு நாள்தான் சாமியை வேண்டியிருக்கிறேன். மற்ற நாளெல்லாம் வா வா என்று கெஞ்சிய பொம்பளை நான். மொட்டை மாடியில் ஏறி, கண்மாய்க் கரையில் ஏறி, ஒரு தடவை தண்ணீர்த் தொட்டி ஏணியில் பாதி வரைக்கும் ஏறிக்கூட போனைத் தூக்கிப் பிடித்திருக்கிறேன். அன்றைக்கு மட்டும் வண்டியை ஓட்டிக்கொண்டே, வந்துராதே, வந்துராதே என்று புலம்பிக்கொண்டு போனேன்.

எங்கள் பிழைப்பைச் சொன்னால்தான் இது விளங்கும். பந்தல்குடிப் பக்கம், மல்லாங்கிணறு பக்கம், திருச்சுழிக்கு அங்கிட்டு என்று கிணறும் தோட்டமும் வைத்திருக்கிறவர்களில் பாதிப் பேர் ஊரில் இல்லை. ஒருத்தர் திருப்பூரில் இருப்பார், ஒருத்தர் துபாயில் இருப்பார். களையெடுக்க, பூப்பறிக்க ஆள் பேசி வைத்திருப்பார்கள். ஆனால் த்ரீ பேஸ் கரண்டு எப்போது வரும், எப்போது போகும் என்று மோட்டார் ரூமில் காவல் கிடக்க எவன் வருவான்? அதற்காக வந்ததுதான் செல்போன் ஸ்டார்ட்டர். மோட்டார் ரூம் சுவரில் ஒரு பெட்டி, பெட்டிக்குள் ஒரு சிம்கார்டு. எங்கே இருந்து கொண்டும் போனில் ‘ஆன்’ கொடுத்தால் மோட்டார் ஓடும், ‘ஆஃப்’ கொடுத்தால் நிற்கும். சொன்னபடி செய்துவிட்டேன் என்று பெட்டி நமக்குப் பதிலும் அனுப்பும்.

பெட்டியை மாட்டுவதும், கிணற்றில் இறங்கி மோட்டாரைப் பழுது பார்ப்பதும் என் வீட்டுக்காரர் வேலை. போடுவதும் நிறுத்துவதும் என் வேலை. வெளியூர்க்காரர்கள் தாங்களே போட்டுக்கொள்ளலாம்தான். ஆனால் துபாயில் வேலை பார்க்கிறவருக்கு நம்ம ஊர் கரண்டு நேரம் எப்படித் தெரியும்? அதனால் மாதத்துக்கு இவ்வளவு என்று பேசி என் தலையில் கட்டிவிட்டார்கள். ஐம்பதுக்கு மேலே மோட்டார். எந்தத் தோட்டத்துக்கு எத்தனை மணி நேரம் தண்ணீர் என்று எழுதிய அட்டை வேன் கண்ணாடிக்குக் கீழே ஒட்டியிருக்கும். ஆமாம், எங்கள் ஆபீஸே ஒரு பழைய வேன்தான். வீட்டுக்குள் நெட்டு சுற்றிக்கொண்டே நிற்கும் என்பதால், பந்தல்குடி ரோட்டில் ஒரு கண்மாய்க் கரை மேட்டில் கொண்டுபோய் வேனை நிறுத்திவிடுவேன். மேலே ஒரு நீளக் கொம்பு ஏரியல், உள்ளே நெட்டுப் பெட்டி, என் மடியில் போன். காலையில் கரண்டு வந்ததும் வரிசையாகப் போடுவேன், முடிகிற நேரத்தில் வரிசையாக நிறுத்துவேன். நடுவில் போன் மேலே போன்.

நெட்டு நன்றாகக் கிடைக்கிற ஊர்களில் புதுப் பெட்டி. அதில் நான் கொடுக்கிற உத்தரவு போகாவிட்டால் அங்கேயே ரத்து பண்ணிவிடலாம். நெட்டு எட்டாத ஊர்களில் மெசேஜில் ஓடுகிற பழைய பெட்டி. அதுதான் சனியன். மெசேஜ் கையை விட்டுப் போனால் போனதுதான். அங்கே டவர் செத்துக் கிடந்தால் நடுவழியில் எங்கேயோ காத்துக் கிடக்கும். டவர் எந்திரித்ததும் போய் விழும். காலையில் போட்ட ‘ஆன்’ மத்தியானம் போய் விழுந்து, தண்ணீர் வரப்பை உடைத்துக்கொண்டு பக்கத்துக் காட்டுக்குப் பாய்ந்த கதையெல்லாம் எனக்கு உண்டு. ஏச்சு வாங்கிக் காது புளித்துப்போச்சு.

அன்றைக்குக் காலையில் சண்டையும் அதனால்தான். அதற்கு முந்தின வாரம் ஒரு மல்லிகைத் தோட்டம் எங்கள் கையை விட்டுப் போயிருந்தது. மூன்று நாள் அந்த ஊர் டவர் படுத்துக்கொண்டது, செடி வாடி மொட்டு உதிர்ந்துவிட்டது, தோட்டக்காரர் சென்னையில் இருந்து என்னை வாய்க்கு வந்தபடி கேட்டார். பழைய பெட்டி எல்லாவற்றையும் கழற்றிவிட்டு ரெண்டு சிம் போடுகிற புதுப் பெட்டி மாட்டலாம், ஒரு டவர் போனால் இன்னொரு டவர் பிடித்துக்கொள்ளும் என்று நான் ஒற்றைக் காலில் நின்றேன். என் வீட்டுக்காரர் இட்லியைப் பிய்த்துக்கொண்டே, இப்ப என்ன அவசரம், டவர் வந்தா ஓடும் வராட்டி ஓடாது, மழைன்னு நினைச்சுக்கோ என்றார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மனுசர் எதற்கும் அசைய மாட்டார். நான் எதற்கும் எரிவேன். இப்படி ஒரு ஜோடியை எந்த மகராசன் பொருத்தம் பார்த்துச் சேர்த்தானோ.

“உங்களுக்கென்ன, கிணத்துக்குள்ள இறங்கிட்டா ஒருத்தன் பேச்சும் காதுல விழாது. ஏச்சு வாங்குறது நான்தான. போங்க, அங்கனயே கிடங்க” என்று சொல்லிவிட்டேன்.

அவர் கையைக் கழுவினார், டூல்ஸ் பையை எடுத்தார், பைக்கை உதைத்தார். எங்கே போகிறேன் என்று சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. முந்தின நாள் பேசினபடி மல்லாங்கிணறு பக்கம்தான் போவார் என்று என் நினைப்பு.

எங்களுக்குள் ஒரு வழக்கம் உண்டு. கிணற்றில் இறங்கும் முன்னால் அவர் என்னைக் கூப்பிட்டு இன்னாருடைய கிணறு என்று சொல்ல வேண்டும். அட்டையில் அந்தப் பேரின்மேல் ஒரு ஸ்டிக்கர் பொட்டை ஒட்டிவிடுவேன். பொட்டு இருக்கிற மோட்டாரைத் தொடவே மாட்டேன். மேலே ஏறி வந்து மறுபடி கூப்பிட்டால்தான் பொட்டை எடுப்பேன். அதோடு அவர் பங்குக்கு ஃபியூஸ் கட்டை மூன்றையும் பிடுங்கி வேட்டியில் முடிந்து இடுப்பில் செருகிக்கொண்டுதான் இறங்குவார். கட்டை அவர் இடுப்பில் இருக்கிறவரை சாமியே வந்தாலும் மோட்டார் ஓடாது. தொழில் கற்றுக்கொடுத்தவர் சொன்ன முதல் பாடம் அது என்பார்.

கரை மேட்டில் வேனை நிறுத்திக் கொஞ்ச நேரத்தில் அவரிடம் இருந்து போன் அடித்தது. சமாதானம் பேசக் கூப்பிடுகிறார் என்று நினைத்தேன். கூப்பிடட்டும், நல்லாக் கூப்பிடட்டும் என்று போனைக் கவிழ்த்து வைத்தேன். மறுபடி அடித்தது. மூன்றாம் தடவையும் அடித்து ஓய்ந்தது. எனக்குள் ஒரு சின்ன சந்தோஷம்கூட. அந்தச் சந்தோஷத்தை நினைத்தால் இன்றைக்கும் என் கன்னத்தில் நானே அறைந்துகொள்ளலாம் போல இருக்கிறது.

கரண்டு நேரம் வந்தது. வரிசையாகப் போட்டுக்கொண்டே வந்தேன். திருச்சுழிக்கு அங்கிட்டு ஒரு ஊர், அதில் சென்னைக்காரத் தம்பி ஒருவருடைய கிணறு. பழைய பெட்டி. ‘ஆன்’ அனுப்பினேன். பதில் வரவில்லை. அந்த ஊர் டவர் வழக்கம்போல மண்டையைப் போட்டிருக்கிறது என்று புரிந்தது. இருந்த கோபத்தில், ஓடுறியா இல்லையா பார்ப்போம் என்று இன்னொரு ‘ஆன்’. அதற்கும் பதில் இல்லை. கொஞ்சம் விட்டு மூன்றாவது. பிறகு அதை விட்டுவிட்டு அடுத்த ஊருக்குப் போய்விட்டேன்.

அரை மணி நேரம் இருக்கும். அந்தச் சென்னைத் தம்பியே கூப்பிட்டார். தண்ணீர் பாயவில்லை என்று ஏசப் போகிறார் என்று பதிலைத் தயார் பண்ணிக்கொண்டு எடுத்தால், அவர் குரலில் தேன் ஒழுகுகிறது. ரெண்டு நாளாக மோட்டார் விட்டுவிட்டு ஓடுகிறதென்று நேற்று அண்ணனிடம் சொன்னேன், காலையிலேயே வந்து கிணற்றில் இறங்கிவிட்டாராம், பக்கத்துக் காட்டுக்காரர் பார்த்துவிட்டுச் சொன்னார், ரொம்ப நன்றி அக்கா என்றார். நான், எந்தக் கிணத்துல தம்பி என்றேன். என்னக்கா, நம்ம கிணத்துலதான் என்று சிரித்தார்.

அட்டையைப் பார்த்தேன். அந்தப் பேரின்மேல் பொட்டு இல்லை.

மெசேஜ் போட்டாச்சு. மூன்று போட்டாச்சு. அது எங்கேயோ நடுவானத்தில் நின்று டவரைப் பார்த்துக்கொண்டிருக்கிறது. கீழே அவர்.

முதலில் என்னை நானே தேற்றிக்கொண்டேன். ஃபியூஸ் கட்டையைப் பிடுங்கியிருப்பார், எந்தக் காலத்தில் பிடுங்காமல் இறங்கியிருக்கிறார் என்று. அந்தத் தேறுதல் ஒரு நிமிஷம்கூட நிற்கவில்லை. அந்த மோட்டார் ரூம் எனக்கு ஞாபகம் வந்துவிட்டது. பெட்டி மாட்டிய அன்றைக்கு நானும் கூடப் போயிருந்தேன். மெயின் சுவிட்ச் கைப்பிடி முறிந்து, கம்பியைச் சுற்றி எப்போதும் ஆனிலேயே நிற்கிற மாதிரி கட்டி வைத்திருந்தார்கள். ஃபியூஸ் கட்டைகளோ வெந்து கருகிய பீங்கான். இதைப் பிடுங்கினால் தூள்தூளாப் போகும், திரும்ப மாட்ட முடியாது, புதுசு வாங்குங்கள் என்று அவரே தம்பியிடம் சொன்னார். தம்பி வாங்கவில்லை. இன்னொன்றும் ஞாபகம் வந்தது. கொஞ்ச நாளாக இவர் ஒரு பேச்சுப் பேச ஆரம்பித்திருந்தார். டவர் இல்லாத ஊரில் வேலை பார்க்கிறது ஒரு நிம்மதி, கரண்டும் டவரும் சேர்ந்து போயிட்டா மோட்டார் பொணம் மாதிரி, எவன் எழுப்ப முடியும் என்பார். நானும் அதைக் கேட்டுச் சிரித்திருக்கிறேன். வாரத்தில் பாதி நாள் டவர் செத்துக் கிடந்தால் மனுசன் அதையும் ஒரு சுவிட்ச் மாதிரி நம்ப ஆரம்பித்துவிடுகிறான்.

கூப்பிட்டேன். அவர் போன் தொடர்பு எல்லைக்கு வெளியே என்றாள், போனுக்குள் பேசுகிற அந்தப் பொம்பளை. மறுபடி கூப்பிட்டேன். அதே குரல், அதே நிதானம். தம்பியிடம் பக்கத்துக் காட்டுக்காரர் நம்பரை வாங்கிக் கூப்பிட்டேன். அவர் திருச்சுழி உரக்கடையில் நிற்கிறார், பஸ் பிடித்து வர நேரமாகும் என்றார். கிணற்றில் இவர் இறங்கினபோது கரண்டு இருந்ததா என்று கேட்டேன். எங்கேயோ லைன் அறுந்து காலையில் இருந்தே இல்லை, லைன்மேன் வந்திருக்கார் என்றார். எனக்குத் தெரிந்த அந்த லைன்மேனைக் கூப்பிட்டேன். அவரும் அந்த ஊரில்தான் நிற்கிறார் போல, அவர் போனும் எல்லைக்கு வெளியே. அந்த ஊர்ப்பக்கம் எந்த நம்பரைப் போட்டாலும் அதே பொம்பளைதான் பேசினாள்.

‘ஆஃப்’ ஒன்று அனுப்பினேன். அனுப்பின பிறகுதான் உறைத்தது. முன்னால் போனதுதான் முன்னால் விழும். மூன்று ‘ஆன்’ வாசலில் நிற்கிறது, என் ‘ஆஃப்’ அதற்குப் பின்னால் நிற்கிறது. அது வந்து சேருவதற்குள் முதல் ‘ஆன்’ போதும்.

இனி நானே போக வேண்டும். வேனைத் திருப்பினேன்.

என் வீட்டுக்காரருக்கு ஒரு கெட்ட பழக்கம். கேபிள் வயரைச் சீவக் கத்தி வைத்திருப்பார், ஆனால் எடுக்க மாட்டார். பல்லால் கடித்து உரிப்பார். எத்தனை தடவை திட்டியிருக்கிறேன், பல்லு போயிரும் என்று. நான் திட்டியதெல்லாம் பல்லுக்காகத்தான். எங்கள் ஊருக்குள் புகுந்து திருச்சுழி ரோட்டைப் பிடிக்கிறவரை எனக்கு ஒரே காட்சிதான். கிணற்றுத் திட்டில் உட்கார்ந்து, வயரை வாயில் வைத்துக்கொண்டு, தலையை ஒரு பக்கமாகச் சாய்த்து இழுக்கிறார். அந்த வயரின் இன்னொரு முனை என் போனில் இருக்கிறது.

போனைக் கண்ணாடிக்குக் கீழே நிறுத்தியிருந்தேன். மெசேஜ் சத்தம் கேட்கிறபோதெல்லாம் உயிர் போய் உயிர் வந்தது. மற்ற மோட்டார்கள் ஒவ்வொன்றாகப் பதில் அனுப்பிக்கொண்டிருந்தன. பந்தல்குடி மோட்டார் ஓடுகிறது. காரியாபட்டி மோட்டார் ஓடுகிறது. ஒரு ‘டிங்’ வரும், ஒரு கண்ணால் எட்டிப் பார்ப்பேன், வேற ஊர். மறுபடி ‘டிங்’. போனை அணைத்துவிடலாமா என்று தோன்றியது. அணைத்தால் மட்டும் போன மெசேஜ் திரும்பி வருமா? அணைக்கவும் பயம், பார்க்கவும் பயம்.

பாதி வழியில் செம்மறிக் கூட்டம் ஒன்று ரோட்டை அடைத்துக்கொண்டு போனது. ஹாரன் அடித்தேன். மேய்க்கிறவர் திரும்பிப் பார்த்து, அப்படி என்னம்மா தலை போற அவசரம் என்று கேட்டார். தலைதான் போகுது என்று வாய்க்குள்ளேயே சொல்லிக்கொண்டு மறுபடி ஹாரன் அடித்தேன். என் முகத்தைப் பார்த்தாரோ என்னவோ, கம்பைத் தட்டி ஆடுகளை ஓரங்கட்டி வழி விட்டார். அவர் நல்லா இருக்கணும்.

திருச்சுழியைத் தாண்டிக் கொஞ்ச தூரத்தில் போனில் சிக்னல் கோடு ஒவ்வொன்றாகக் குறைந்தது. மூன்று, இரண்டு, ஒன்று. பிறகு ஒன்றுமில்லை. இத்தனை வருஷத்தில் அந்தக் காலியைப் பார்த்து நான் மூச்சு விட்டது அன்றைக்குத்தான். இப்படியே இரு, என் அப்பனே, இப்படியே செத்துக் கிட என்று டவரிடம் சொன்னேன். கருவேலங்காட்டுக்கு மேலே தூரத்தில் அது நின்றது, நீட்டமாக, ஒன்றும் தெரியாத மாதிரி.

அந்த ஊர் முக்கில் ஒரு மாவு மில். நான் அதைத் தாண்டும்போது மில் ஓடிக்கொண்டிருந்தது.

மில் ஓடுகிறது என்றால் கரண்டு வந்துவிட்டது. எப்போது வந்தது? வேனை நிறுத்தாமலே கண்ணாடியை இறக்கி, கரண்டு வந்து எவ்வளவு நேரமாச்சு என்று கத்தினேன். தலையில் மாவு படிந்த ஆள் ஒருத்தர், இப்பத்தாம்மா, அஞ்சாறு நிமிஷம் இருக்கும் என்றார். கரண்டு வந்ததும் டவர் உடனே எந்திரிக்காது. பத்து நிமிஷம் ஆகும், சில நாள் அதற்கும் குறைவு. இதை என்னைவிட நன்றாகத் தெரிந்தவர் இந்த வட்டாரத்தில் கிடையாது. எத்தனை நாள் அந்தப் பத்து நிமிஷம் எப்போதடா முடியும் என்று பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். இப்போது அது பத்தாகவே இருக்கட்டும் என்று ஆக்சிலேட்டரை மிதித்தேன்.

வண்டிப் பாதை காட்டு ஓரத்தோடு நின்றுவிடும். அதற்கு மேல் நடைதான். அவர் பைக் வேப்பமரத்தடியில் நின்றது. போனை எடுத்து இடுப்பில் செருகிக்கொண்டு, வேன் கதவைச் சாத்தாமலே இறங்கி ஓடினேன். உழுது போட்ட கரிசல், கட்டி கட்டியாகக் காலை வாரியது. செருப்பு ஒன்று எங்கேயோ போனது, இன்னொன்றை நானே உதறினேன். ஓடிக்கொண்டே, என்னங்க, என்னங்க என்று கத்தினேன். கிணற்றில் இருந்து சத்தம் இல்லை. மறுபடி கத்தினேன். இல்லை.

கிணறு ஒரு பக்கம், மோட்டார் ரூம் ஒரு பக்கம். கிணற்றை எட்டிப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை, உள்ளதைச் சொல்கிறேன். பார்த்து, அங்கே நான் நினைத்தது இருந்தால் அதற்கு அப்புறம் என் கை காலே அசைந்திருக்காது. மோட்டார் ரூமுக்குள் பாய்ந்தேன்.

பெட்டியில் சிவப்பு விளக்கு எரிந்தது. கரண்டு இருக்கிறது. அதற்குப் பக்கத்தில் சிக்னலுக்கு ஒரு பச்சை விளக்கு உண்டு. அது எரியவில்லை. ஃபியூஸ் கட்டை மூன்றும் அதனதன் இடத்தில் உட்கார்ந்திருந்தன. அவர் பிடுங்கவே இல்லை.

முதல் கட்டையைப் பிடித்து இழுத்தேன். வந்தது. இரண்டாவது அசையவே இல்லை. சேலைத் தலைப்பைச் சுற்றிக்கொண்டு காலைச் சுவரில் ஊன்றி இழுத்தேன், பிய்த்துக்கொண்டு வந்தது, நான் பின்னால் போய் விழுந்தேன். மூன்றாவது கையோடு உடைந்தது. பாதி என் கையில், பாதி உள்ளே. உள்ளங்கை கிழிந்து ரத்தம் வந்ததை அப்போது நான் பார்க்கவில்லை. மூலையில் ஒரு மண்வெட்டி சாத்தியிருந்தது. அதைத் திருப்பிப் பிடித்து மரக்காம்பால் அந்த மிச்சத்தை இடித்தேன். என் கோபம், பயம், காலையில் நான் சொன்ன சொல், எல்லாவற்றையும் சேர்த்து இடித்தேன். பீங்கான் தெறித்தது. பெட்டியில் சிவப்பு விளக்கு அணைந்தது.

மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு நின்றேன். மூச்சு வாங்கியது. பெட்டிக்குள் சின்ன பேட்டரி ஒன்று உண்டு, கரண்டு போனாலும் செய்தி சொல்வதற்காக. நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே பச்சை விளக்கு மினுக்கென்று எரிந்தது. அணைந்தது. எரிந்தது. அப்புறம் நிலையாக நின்றுவிட்டது.

என் இடுப்பில் போன் ‘டிங்’ என்றது.

எடுத்துப் பார்த்தேன். கரண்டு இல்லை, மோட்டார் ஓடவில்லை என்று இங்கிலீஷில் வந்திருந்தது. கையில் பிடித்திருக்கும்போதே இன்னொன்று. கொஞ்ச நேரம் கழித்து இன்னொன்று. மூன்றும் அதே வாசகம். நாலாவதாக, மோட்டார் நின்றுவிட்டது என்று என் ‘ஆஃப்’க்குப் பதில் சாவகாசமாக வந்து சேர்ந்தது.

அதற்கு அப்புறம்தான் கிணற்று ஓரம் போனேன். நடக்கவில்லை, தவழ்ந்துதான் போனேன். எட்டிப் பார்த்தேன். கீழே திட்டில் அவர் உட்கார்ந்து அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார். கேபிள் அவர் மடியில் கிடந்தது. வயர் வாயில் இருந்தது. நான் கத்தியபோது பதில் வராததற்கு அதுதான் காரணம்.

வயரைத் துப்பிவிட்டு, “என்ன புள்ள, நீயா? இங்க எங்க வந்த?” என்றார்.

மேலே வாங்க என்று கையைக் காட்டினேன். கையில் ரத்தத்தைப் பார்த்ததும் மனுசர் அலறிப் புடைத்துக்கொண்டு ஏறி வந்தார். அவர் தலை மேலே தெரிந்ததும் பனியனைப் பிடித்து இழுத்து, அந்தக் கையாலேயே நெஞ்சில் ரெண்டு அடி அடித்தேன். வெள்ளைப் பனியன் முழுக்க ரத்தம். அப்புறம் அவர் மடியில் விழுந்து ஓ என்று அழுதேன். காட்டில் யாரும் இல்லை, இருந்திருந்தாலும் அழுதிருப்பேன்.

அவருக்கு ஒன்றும் விளங்கவில்லை. தலைத் துண்டைக் கிழித்து என் கையில் சுற்றிக்கொண்டே, என்ன என்ன என்று கேட்டார். போனை அவர் கையில் கொடுத்தேன். பார்த்தார். நேரத்தைப் பார்த்தார். திரும்பி மோட்டார் ரூமைப் பார்த்தார். சுற்றிக்கொண்டிருந்த கை நின்றுவிட்டது.

பெட்டியில், கரண்டு வந்ததும் மோட்டாரைத் தானாக ஓடவிடுகிற ஆட்டோ சுவிட்சை மறக்காமல் அமர்த்திவிட்டுத்தான் இறங்கினேன் என்றார், ரொம்ப மெதுவாக. கட்டை வெந்து போயிருந்தது, பிடுங்கினால் உடையும், தம்பிக்கு நஷ்டம் என்று விட்டேன் என்றார். ஊருக்கு வெளியே, சிக்னல் இருக்கிற இடத்தில் நின்று மூன்று தடவை உன்னைக் கூப்பிட்டேன், நீ எடுக்கவில்லை, சரி, அங்கேதான் டவரே இல்லையே என்று வந்துவிட்டேன் என்றார். எல்லா வழியையும் அடைத்துவிட்டதாகத்தான் அவர் நினைத்திருந்தார். பாக்கி ஒரே வழி இருந்தது. அது நான்.

“போனை எடுத்திருக்கலாம்ல” என்றார்.

“எடுத்திருக்கலாம்” என்றேன்.

பைக்கைத் தூக்கி வேனில் போட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்தோம். அவர்தான் ஓட்டினார். வழி நெடுக வலது கையால் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு, இடது கையால் அடிக்கடி தன் உதட்டையே தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார். அங்கனயே கிடங்க என்று நான் சொன்னதை அவர் ஒரு நாளும் எடுத்துச் சொல்லிக் காட்டியதில்லை. சொல்லிக் காட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை.

இப்போது பழைய பெட்டி ஒன்றுகூட எங்களிடம் இல்லை. எல்லாம் ரெண்டு சிம் பெட்டி. உத்தரவு உடனே போகவில்லை என்றால் அதுவாகவே ரத்தாகிவிடும். அந்தச் சென்னைத் தம்பி புது ஃபியூஸ் கட்டையும் புது மெயின் சுவிட்சும் வாங்கி மாட்டினார். என் வீட்டுக்காரரும் கட்டையைப் பிடுங்கி இடுப்பில் முடியாமல் எங்கேயும் இறங்குவதில்லை. எல்லாம் சரிதான். ஆனால் எனக்கு அது போதவில்லை. பெட்டி மாறிவிட்டது, கட்டை மாறிவிட்டது, போடுகிற ஆள் அதே ஆள்தானே.

அதனால் அவர் கிணற்றில் இறங்கும் வேலை இருந்தால் நானும் கூடப் போகிறேன். ஃபியூஸ் கட்டையை அவர் முடிந்துகொண்டதும் என் போனையும் கொடுத்துவிடுவேன். அதையும் இடுப்பில் செருகிக்கொண்டு இறங்குவார். அவர் மேலே ஏறி வருகிறவரை வெறுங்கையோடு கிணற்று ஓரத்தில் உட்கார்ந்திருப்பேன். ஐம்பது மோட்டாரும் அந்த நேரம் கேட்பாரற்றுக் கிடக்கும். பிறகு போனை வாங்கிப் பார்த்தால் திருப்பூரில் இருந்தும் துபாயில் இருந்தும் வந்த அழைப்புகள் வரிசையாக நிற்கும். ஒவ்வொருவராகத் திரும்பக் கூப்பிடுவேன். இவ்வளவு நேரம் எங்கே போனாய் என்று கத்துவார்கள்.

இங்கே டவர் இல்லைங்க என்று சொல்லிவிடுவேன்.